முன் சொக்குக்கு றப்பர் உறை: கடல் உப்பிலும் புழுதியிலும் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கையேடு

தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் வெள்ளவத்தை மரைன் ட்ரைவ் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளை ஓர் இரவு நிறுத்தி வைத்தால், காலையில் சீற்றைத் தடவும் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும். ரயில் பாதைக்கு அப்பால் பாறைகளில் மோதும் அலையின் துமி காற்றோடு ஏறி ஒழுங்கைகளுக்குள் வந்து படிகிறது. கொட்டாஞ்சேனையில் இன்னொரு வகைத் தொல்லை. துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகள் கிளப்பும் புழுதியும் டீசல் கரியும், அதனோடு துறைமுகக் காற்றின் உப்பும் சேர்ந்து வண்டியில் கறுப்புப் பசையாகப் படியும்.

இந்த இரண்டும் முதலில் தாக்குவது வண்டியின் முன் சொக் குழாயை. ஹாண்டிலுக்குக் கீழே இரு பக்கமும் வெள்ளியாய் மினுங்கும் அந்தக் குழாயில் ஊசிமுனையளவு துரு விழுந்தால், சில மாதங்களில் ஒயில் கசியத் தொடங்கும். கசியும் ஒயில் பிறேக்கில் படிந்தால் அது ஓட்டுபவரின் உயிரோடு தொடர்புடைய விடயமாகிவிடுகிறது. இதைத் தடுக்கும் மலிவான வழி ஒன்று பல காலமாக இருக்கிறது: குழாயை மூடும் றப்பர் உறை. கடைகளில் இதனை ‘சொக் கவர்’, ‘போர்க் பூட்’ என்று கேட்பார்கள். அதனைத் தெரிவு செய்வது, பொருத்துவது, பராமரிப்பது பற்றியதே இக்கட்டுரை.

யாருக்கு இது முக்கியம்?

போர்க்காலத்தில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எம்மவருக்கு லொட்ஜ் வாழ்க்கையின் பெயர்கள். 2007 யூன் 7 ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் மறக்கக்கூடியவை அல்ல. இன்று அதே ஒழுங்கைகளில் வடக்கு, கிழக்கிலிருந்து வேலைக்காக வந்த இளைஞர்கள் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் உணவுப் பொதி கொண்டு சேர்ப்பவர்கள், கூரியர் வேலை செய்பவர்கள், கடைகளுக்குப் பொருள் விநியோகிப்பவர்கள். அறைக்குள் இடமில்லை, வண்டி வெளியில்தான் நிற்கும். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

புது வண்டி வாங்குவது இலகுவல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கம் வரை வழமைக்குத் திரும்பவில்லை. அந்த ஐந்தாண்டுகளில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறிக்கொண்டே போனது. ஆகவே பத்து, பதினைந்து வருடம் ஓடிய வண்டியைக் காப்பாற்றி வைத்திருப்பதே பெரும்பாலானோருக்குள்ள வழி.

இன்னொரு பிரிவினரும் இருக்கிறார்கள். கண்ணிவெடியிலும் எறிகணையிலும் காலை இழந்து, செயற்கைக் காலுடன் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள். வழமையான மோட்டார் சைக்கிளில் பின் பிறேக் வலது காலுக்குரியது. வலது காலில் உணர்வில்லாதவர் மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அறிய முடியாது. அவர் நம்பியிருப்பது வலது கையிலுள்ள முன் பிறேக்கை மட்டுமே. முன் சொக்கின் ஒயில் கசிந்து டிஸ்க்கில் படிந்தால் அந்த ஒரேயொரு பிறேக்கும் கைவிடும். இவர்களுக்கு ஒயில் சீலைக் காப்பது உயிர் காக்கும் வேலை.

முன் சொக் எப்படி வேலை செய்கிறது?

ஒன்றினுள் ஒன்று வழுக்கும் இரு குழாய்கள்தான் முன் சொக். மேலே இருப்பது குரோம் பூசிய இரும்புக் குழாய். அது ஹாண்டிலுக்குக் கீழுள்ள இரு தாங்கிகளில் இறுக்கப்பட்டிருக்கும். கீழே இருப்பது அலுமினிய வெளிக்குழாய். சில்லின் அக்சில் இதில்தான் பூட்டப்படுகிறது. உள்ளே சுருள்வில்லும் ஒயிலும் இருக்கின்றன. குழியில் விழும்போது வில் அதிர்ச்சியை வாங்குகிறது. ஒயில் சிறு துளைகளினூடே புகுந்து வண்டி துள்ளாமல் அடக்குகிறது. ஒயிலால் அடக்கப்படும் இவ்வகைச் சொக்கை 1935 இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தனது ஆர் 12 மோட்டார் சைக்கிளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அதே அடிப்படையில் அமைந்தவை.

இரு குழாய்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு றப்பர் வளையம் இருக்கும். அதுவே ஒயில் சீல். அதன் மேல் தூசியைத் தடுக்கும் இன்னொரு சிறு வளையம். ஒயில் சீலின் உதடு மிக மெல்லியது. அது குரோம் குழாயைச் சுற்றி இறுகப் பிடித்து, ஒயிலை உள்ளேயும் தூசியை வெளியேயும் வைத்திருக்கிறது.

குரோம் பூச்சு தலைமயிரின் தடிப்பையும்விட மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் உண்டு. உப்புநீர் அவற்றினூடே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு வீங்கி மேலே தள்ள, குரோம் சிறு செதிலாகக் கழன்று குழி விழுகிறது. அந்தக் குழியின் விளிம்பு அரம் போலக் கூரானது. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் ஏறி இறங்கும்போது அந்த அரம் சீலின் உதட்டில் உரசுகிறது. ஒட்டிய மணலும் சேறும் செய்வதும் அதே வேலைதான்.

2009 மேக்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பகுதியில் கைவிடப்பட்டுக் குவியலாகக் கிடந்த மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தவர்களுக்கு வெயிலும் உப்புக்காற்றும் இரும்பை என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. அப்படிக் கிடந்த ஒரு சொக்கைக் கழற்றினால் ஒரு விடயம் தெரியும்: வெளியில் தெரிந்த குழாய் முழுவதும் புள்ளி விழுந்திருக்க, ஒயிலுக்குள் இருந்த பகுதி மினுமினுப்பாகவே இருக்கும். மூடப்பட்ட பகுதி பிழைக்கிறது. உறையின் தத்துவமும் அதுவே.

எம்.டி. 90 சொல்லும் பாடம்

எமது ஊர்களில் ‘எம்.டி. நைன்ரி’ என்ற பெயர் தெரியாதவர் குறைவு. ஜப்பானில் தபால் விநியோகத்துக்கென ஹொண்டா தயாரித்த சிவப்பு நிற வண்டி அது. அங்கு பாவித்துக் கழித்தவை இங்கு வந்து வன்னியின் கிரவல் வீதிகளில் ஓடின. மழையிலும் பனியிலும் நாள் முழுக்க நின்று நின்று ஓட வேண்டிய வண்டி என்பதால், அதன் முன் சொக்கை மடிப்பு மடிப்பான கறுப்பு றப்பர் உறையால் மூடியே தயாரித்தார்கள். அலங்காரத்துக்காக எதுவுமே வைக்காத ஒரு வேலை வண்டியில் அந்த உறை இருந்தது என்பதே அதன் பயனுக்குச் சாட்சி. மண்பாதைக்கென வந்த டர்ட் பைக்குகளிலும், பின்னர் றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயனின் முதல் மாதிரியிலும் இதே உறை தொழிற்சாலையிலிருந்தே வந்தது. நகர வீதிக்கென விற்கப்படும் வண்டிகளில் குழாய் வெறுமையாக மினுங்கினால் அழகு என்று விட்டுவிடுகிறார்கள். கடலோர நகரத்தில் அந்த அழகு சில வருடங்களே நிலைக்கும்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தை வடக்கில் கடந்தவர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். பெற்றோல் இல்லை, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய காலம். உதிரிப்பாகங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. ஒரு சீல் போனால் மாற்றுச் சீல் கிடையாது. கிடைத்ததை வெட்டி, ஒட்டி, கட்டி வண்டியை ஓடவைத்த கை அது. இன்று பாகங்கள் கிடைக்கின்றன. அந்தக் கைப்பழக்கத்தோடு சரியான பாகமும் சேர்ந்தால் வண்டி நீண்ட காலம் உழைக்கும்.

எந்த வண்டிக்குப் பொருந்தும்?

• வழமையான மோட்டார் சைக்கிள்கள்: மினுங்கும் குழாய் மேலேயும் தடித்த அலுமினியக் குழாய் கீழேயும் இருந்தால் உறை பொருத்தலாம்.

• தலைகீழ்ச் சொக்: சில புதிய வண்டிகளில் தடித்த குழாய் மேலேயும் மினுங்கும் குழாய் கீழேயும் இருக்கும். இவற்றுக்கு மடிப்பு உறை பொருந்தாது. அவற்றுக்கென்றே பிளாஸ்ரிக் தடுப்புகள் உண்டு.

• பழைய ஹொண்டா கப் வகை (சி 50, சி 70, சி 90): இவற்றின் முன்பக்கம் சிறு கைகளில் ஊசலாடும் அமைப்பு. வெளியில் தெரியும் குரோம் குழாயே இல்லை, உறை தேவையில்லை.

• ஸ்கூட்டர்: முன்சில்லுக்கு மேலே மினுங்கும் குழாய் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் அளவான உறை தேடலாம். தெரியாவிட்டால் தேவையில்லை.

உறையின் வகைகள்

மடிப்பு றப்பர் உறை: ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல மடிந்து விரிவது. கீழ்த் தாங்கியின் அடியிலிருந்து கீழ்க்குழாயின் தலை வரை குழாயை முழுவதும் மூடும். நல்ல றப்பரானால் பல வருடம் நிற்கும். பொருத்துவதற்குச் சொக்கைக் கழற்ற வேண்டும்.

சுற்றிக் கட்டும் துணி உறை: நீச்சல் உடை தைக்கும் நியோபிரீன் துணியில் சிப் அல்லது வெல்குரோ வைத்துத் தைத்தது. எதையும் கழற்றாமல் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். ஆனால் மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அடிக்கடி கழற்றிக் கழுவிக் காயவைக்க முடிந்தவர்களுக்கு மட்டும் ஏற்றது.

பழைய ரியூப்: கார் ரியூப்பை வெட்டிச் சுற்றிக் கட்டுவது. காசில்லாதபோது இது ஒரு தற்காலிக ஏற்பாடு. காற்றோட்டம் இல்லாததால் உள்ளே வியர்த்து, மூடிய இடத்திலேயே துரு பிடிக்கும். ஓரிரு வாரத்துக்கு மேல் விடவேண்டாம்.

அளவெடுப்பது

உறை வாங்கப் போகுமுன் நான்கு அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். வேணியர் இடுக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழாயைச் சுற்றி ஒரு கடதாசிக் கீலத்தை வைத்து நீளத்தை அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்.

1. குரோம் குழாயின் விட்டம். 100 சீசீ வகைச் சிறிய வண்டிகளில் 30 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். யமஹா எஃப்.இசட். போன்றவற்றில் 41 மில்லிமீற்றர்.

2. கீழ்க்குழாயின் தலைப்பகுதி விட்டம். உறையின் அடிவாய் இதன்மேல்தான் இறுக வேண்டும்.

3. முன்சில்லைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில், கீழ்த் தாங்கியின் அடியிலிருந்து கீழ்க்குழாயின் தலை வரையான நீளம். உறை இவ்வளவு விரிய வேண்டும்.

4. சொக் முழுவதும் அமுங்கும்போது மிஞ்சும் நீளம். வண்டியின் கைநூலில் முன் சொக் எவ்வளவு அமுங்கும் என்று இருக்கும். மூன்றாவது அளவிலிருந்து அதைக் கழியுங்கள்.

உதாரணமாக, விரிந்த நீளம் 160 மில்லிமீற்றர், சொக் அமுங்குவது 120 மில்லிமீற்றர் என்றால் மிஞ்சுவது 40 மில்லிமீற்றர் மட்டுமே. நீங்கள் வாங்கும் உறை 40 மில்லிமீற்றருக்குள் மடிய வேண்டும். மடியாத தடித்த உறை பெரிய குழியில் நசிந்து கிழியும், அல்லது அடிவாய் கழன்று வெளியே வரும். நீளமான உறைதான் நல்லது என்று நினைத்து வாங்குபவர்கள் செய்யும் பிழை இது.

அதோடு உறையின் தடித்த வயிறு சில்லிலோ மட்காட்டிலோ பிறேக் ஹோஸிலோ உரசாமல் இருக்க இடம் உண்டா என்றும் பாருங்கள். சிக்னல் லைற் குழாயிலேயே கிளிப்பால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு வேறு இடம் தேவைப்படும்.

கொழும்பில் வாங்குவது

மருதானைக்கு அருகேயுள்ள பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன இடம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதி வழியாகச் சிறு தூரம். வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். அளவு எழுதிய தாளையும் சொக் தெளிவாகத் தெரியும் படத்தையும் கைப்பேசியில் கொண்டுபோங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் ‘எல்லாவற்றுக்கும் போடலாம்’ என்ற பதில்தான் வரும்.

கையில் எடுத்ததும் உறையை முழுவதும் இழுத்து விடுங்கள். மடிப்பின் அடியில் வெள்ளைக் கோடு அல்லது மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அது கடையில் கிடந்து பழசானது. விட்டதும் பழைய நிலைக்குச் சுருங்க வேண்டும். அடிப்பகுதி மடிப்பில் சிறு காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரு உறைகளும் ஒரே தயாரிப்பாக இருக்கட்டும். கிளிப் நான்கும் சேர்த்தே வாங்குங்கள்.

சொக் ஏற்கெனவே கசிகிறதென்றால், அதே பயணத்தில் இரு பக்கத்துக்கும் ஒயில் சீலும் தூசிச் சீலும் வாங்கி, முதலில் கசிவை நிறுத்துங்கள். கசிவின்மேல் உறை போடுவது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவதற்குச் சமம்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை

எல்லா வண்டிகளிலும் சொக்கைக் கழற்றுவது ஒரே மாதிரியல்ல. மேல் தாங்கியின் பக்கவாட்டில் குழாயை நெருக்கிப் பிடிக்கும் போல்ட் இருந்தால் வீட்டிலும் செய்யலாம். அப்படி இல்லாமல், குழாயின் உச்சியிலுள்ள பெரிய போல்ட்டே தாங்கியையும் குழாயையும் சேர்த்துப் பிடித்திருந்தால் அதைத் திறக்கும்போது சொக் திறந்துவிடும். வில் மேலே உதைக்கலாம். சிறிய வண்டிகள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு. அவற்றைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

நடு ஸ்டாண்ட் இல்லாத வண்டியையும் வீட்டில் தொடவேண்டாம். முன்சில் கழன்ற வண்டி சாய்ந்தால் ஒருவரால் தாங்க முடியாது.

பொருத்தும் முறை

1. சமதரையில் வண்டியை நிறுத்தி, எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள், ஹோஸ் எந்தப் பக்கத்தால் போகின்றன என்பது திரும்பப் பூட்டும்போது தேவைப்படும்.

2. சில் தரையில் இருக்கும்போதே அக்சில் நட்டை ஒரு சுற்று இளக்குங்கள்.

3. நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லுக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். எஞ்சினுக்கு அடியில் பலகையும் ஜக்கும் வைத்து முன்சில்லைத் தூக்குங்கள். வண்டியை இலேசாக அசைத்துப் பார்த்து, ஆடாமல் நின்றால் மட்டும் தொடருங்கள்.

4. டிஸ்க் பிறேக் என்றால் கலிப்பரின் இரு போல்ட்டையும் கழற்றி, கலிப்பரைக் கம்பியால் வண்டியில் தொங்கவிடுங்கள். ஹோஸில் பாரம் விழக்கூடாது. பாட்டுகளுக்கிடையே மடித்த மட்டையைச் செருகுங்கள். அதன்பின் பிறேக் லீவரை யாரும் தொடக்கூடாது. பிடித்தால் பிஸ்ரன் வெளியே வந்துவிடும். டிரம் பிறேக் என்றால் கேபிளைக் கழற்றினால் போதும்.

5. மீற்றர் கேபிளைக் கழற்றி, அக்சிலை உருவிச் சில்லை எடுங்கள். சிறு இடைவளையம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் மட்காட்டைக் கழற்றுங்கள்.

6. மேல் தாங்கிக்கு மேலே குழாய் எத்தனை மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இரு பக்கமும் அதே அளவில் திரும்பப் பூட்டாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

7. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மேல், கீழ்த் தாங்கிகளின் நெருக்கு போல்ட்டுகளை இளக்கி, குழாயை இடமும் வலமும் முறுக்கியபடி கீழே இழுங்கள். வெளியே வந்ததை நிமிர்த்தியே வையுங்கள்.

8. குழாயைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். நகத்தால் மேலிருந்து கீழே தடவினால் குழிகள் தட்டுப்படும். சிறு புள்ளிகளை 1200 இலக்க ஈரக் கடதாசியால், சிறிது ஒயில் தொட்டு, குழாயைச் சுற்றியபடி தேயுங்கள். மேலிருந்து கீழாகத் தேய்த்தால் கீறல்கள் ஒயில் வெளியேற வழியாகிவிடும். ஆழமான குழியை இரும்புக்கான எபொக்சிப் பசையால் நிரப்பி, காய்ந்தபின் மட்டமாகத் தேய்க்கலாம். குழிகள் சீல் உரசும் பகுதியில் நிறைய இருந்தால் குழாயை மாற்றுவதோ மீண்டும் குரோம் போடுவதோதான் தீர்வு.

9. குழாயின் மேல்முனையால் உறையை இறக்குங்கள். அடிவாயைக் கீழ்க்குழாயின் தலையில் ஏற்றி, காற்றுத் துளை பின்பக்கமாகக் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பிக் கிளிப்பை இறுக்குங்கள். றப்பர் நசியாத அளவு இறுக்கினால் போதும். துளை இல்லாத உறையானால், சூடாக்கிய ஊசியால் அடி மடிப்பில் இரண்டு சிறு துளைகள் போடுங்கள். உறை ஒவ்வொரு அமுக்கத்திலும் மூச்சு விட வேண்டும். உள்ளே வந்த நீரும் வடிய வேண்டும்.

10. குழாயைத் தாங்கிகளில் ஏற்றி, குறித்த உயரத்தில் வைத்துக் கீழ் நெருக்கு போல்ட்டையும் பின்னர் மேல் போல்ட்டையும் இறுக்குங்கள். உறையின் மேல்வாயைத் தாங்கியின் அடிவரை உயர்த்திக் கிளிப் போடுங்கள். மறுபக்கத்தையும் இவ்வாறே செய்யுங்கள்.

11. மட்காட், சில், மீற்றர் கேபிள், கலிப்பர் ஆகியவற்றைப் பூட்டுங்கள். அக்சிலை முழுதாக இறுக்குமுன் வண்டியை இறக்கி ஹாண்டிலைப் பிடித்து நான்கைந்து தடவை அமுக்கி விடுங்கள். இரு சொக்கும் நேராக அமர்ந்தபின் அக்சிலை இறுக்குங்கள்.

12. பிறேக் லீவரைப் பலமுறை பிடித்து விட்டு, அது கெட்டியாகும் வரை வண்டியை நகர்த்தவேண்டாம். ஹாண்டிலை இரு பக்க எல்லை வரை திருப்பி, ஹோஸும் கேபிளும் உறையில் மாட்டாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

13. ஒழுங்கைக்குள் மெதுவாக ஓடி, இரு பிறேக்கையும் பிடித்துப் பாருங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பழகிய மெக்கானிக்குக்கு இது சில மணி நேர வேலை. முதன்முறை செய்பவர் வேலையில்லாத ஒரு முழு நாளை ஒதுக்குவது நல்லது.

உறை போட்டால் மறந்துவிடலாமா?

முடியாது. உறைக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கியமான குறை, அது ஈரத்தைப் பிடித்து உள்ளேயே துரு வளர்க்கும் என்பது. கவனிக்காமல் விட்ட உறையில் அது உண்மைதான். வெளியில் இருந்தால் கண்ணில் படும் துரு, உள்ளே இருந்தால் தெரியாது. ஆகவே:

• மாதம் ஒருமுறை, பருவமழைக் காலத்தில் இரு வாரத்துக்கு ஒருமுறை, மேல் கிளிப்பை இளக்கி உறையைக் கீழே தள்ளிப் பாருங்கள். துடைத்து, காயவிட்டு, திரும்ப ஏற்றுங்கள்.

• கடலோரம் நிறுத்திய வண்டியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அமுக்கத் தண்ணீர்க் குழாயை உறையின் வாய்க்கு நேரே பிடிக்கவேண்டாம்.

• றப்பருக்கு எஞ்சின் ஒயில், கிறீஸ், பெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. ஊதிப் பிசுபிசுத்துப் போகும். பூசவேண்டுமானால் சிலிக்கன் கிறீஸ் மட்டும்.

• உறையின் அடியில் ஒயில் ஈரம் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். ஒயில் ஊறிய பிறேக் பாட்டைத் துடைத்துப் பாவிக்கவேண்டாம். டிஸ்க்கைச் சுத்தம் செய்து புதுப் பாட் போடுங்கள்.

• வருடத்துக்கு ஒருமுறை மடிப்புகளை விரித்து வெடிப்புப் பாருங்கள். வெடித்த உறை தண்ணீரை உள்ளே விட்டு வெளியே விடாது. அதைவிட உறை இல்லாமல் இருப்பது நல்லது.

பழைய வண்டி வாங்குவோருக்கு

விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியில் புத்தம்புது சொக் உறை போட்டிருந்தால், கிளிப்பை இளக்கி உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். துருப்பிடித்த குழாயையும் கசியும் சீலையும் மறைக்க இதைவிட இலகுவான வழி இல்லை. முன் பிறேக்கைப் பிடித்தபடி ஹாண்டிலை அமுக்கிப் பாருங்கள். மெதுவாக மேலே வந்தால் ஒயில் இருக்கிறது. பந்து போலத் துள்ளினால் ஒயில் இல்லை. விற்பவர் உறையைத் தொடவிடாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி

தைப்பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வண்டியை ஊருக்குக் கொண்டுபோகிறவர்களும், கொழும்பில் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. பண்ணைப் பாலம் கடந்து தீவகம் போகும் வீதியிலும் மன்னார்த் தீவிலும் காற்றில் உப்பு வெள்ளவத்தைக்குக் குறைவில்லை. வன்னியின் உள்வீதிகளில் செம்மண் புழுதி. கோடையில் தூளாக ஒட்டுவது மாரியில் சேறாகிச் சீலை அரிக்கும். அங்கு உதிரிப்பாகத்துக்குப் பல கிலோமீற்றர் போகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் இருக்கும்போதே உறையும், கூடவே ஒரு சோடி ஒயில் சீலும் வாங்கி அனுப்புவது பயனுள்ள காரியம்.

ஊரில் செயற்கைக் காலோடு மோட்டார் சைக்கிள் ஓட்டும் உறவினரோ நண்பரோ இருந்தால், அடுத்த முறை போகும்போது அவருடைய வண்டியின் முன்சில்லருகே ஒருமுறை குனிந்து பாருங்கள். சொக் குழாயை விரலால் தடவுங்கள். விரலில் ஒயில் பட்டால் அன்றைக்கே வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். சீல் மாற்றும்வரை அவரை ஓடவிடவேண்டாம்.